நூலக அலமாரி கொடுத்தால் பிள்ளைகள் வாசித்துவிடுவார்களா? பெங்களூரு அரசுப் பள்ளிகளும் கூட்டுத் திட்டங்களும்

கேள்வி: 7 ஜூன் 2025 (ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர்)

எங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். (கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு) குழுவில் இந்த வருடம் என்னையும் போட்டுவிட்டார்கள். கிழக்கு பெங்களூருவில் ஒரு கிளஸ்டரில் (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பு) உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கல்வித் துறை, ஒரு தொண்டு நிறுவனம், நாங்கள் என மூன்று பேரும் சேர்ந்து மூன்று வருடத் திட்டம். மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் தடங்கல் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்பது இலக்கு. பள்ளிக்கு ஒரு நூலக அலமாரி, சில டேப்லெட், சுவர் ஓவியம் என்று பட்ஜெட் போட்டிருக்கிறோம். அங்கே நிறையப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன். புத்தகம் கைக்குப் போய்விட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 7 ஜூன், இரவு

பாதி இல்லை தம்பி. கால்வாசிகூட இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: பள்ளி நேர அட்டவணையில் எந்த மணி நேரம் வாசிப்புக்கு, அந்த நேரத்தில் பிள்ளைகளோடு உட்காரப்போவது யார். அது இருந்தால் மிச்சத்தைப் பேசலாம். இல்லையென்றால் அலமாரிக்கு ஒரு பூட்டையும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எப்படியும் அவர்கள் வாங்கத்தான் போகிறார்கள்.

8 ஜூன், ஞாயிறு

பூட்டு என்று எழுதியதற்கு, ஆசிரியர்களைக் கேவலப்படுத்துகிறேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. பூட்டுவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஹெச்.எம். மாற்றலாகிப் போகும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும். கிழிந்தது, தொலைந்தது எல்லாம் அவர் தலையில் விடியும். ஏழு வயதுப் பிள்ளை கையில் கொடுத்தால் புத்தகம் கிழியத்தான் செய்யும். அப்புறம் யார் திறந்து வைப்பார்கள்? கொடுக்கிறவர்களே "கிழிந்தால் பரவாயில்லை, கணக்குக் கேட்க மாட்டோம்" என்று எழுத்தில் கொடுத்தால் பாதி அலமாரிகள் திறந்துகொள்ளும். செலவில்லாத உதவி. இதுவரை நான் கேட்டு ஒரே ஒரு நன்கொடையாளர்தான் கொடுத்தார்.

நான் யார் என்று கேட்டவருக்கு: ஈஜிபுரா பக்கம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மேஸ்திரி வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பெரும்பாலும் தமிழ், கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் உருது. வாரத்தில் சில காலைகளில் பக்கத்துக் கன்னட வழிப் பள்ளியில் ஒரு தொண்டு அமைப்பின் சார்பில் வாசிக்கச் சொல்லித்தருகிறேன்.

போன வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். புத்தகத்தை விரித்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே கன்னடப் பாடத்தைக் கடகடவென்று சொன்னாள். விரல் மூன்றாவது வரியில் இருக்கிறது, வாய் ஐந்தாவது வரியில். பக்கத்தை உள்ளங்கையால் மூடினேன். நிறுத்தவே இல்லை. கடைசிவரை சொல்லி முடித்துவிட்டு "ஆய்த்து மிஸ்" (முடிந்தது மிஸ்) என்றாள். அதே பாடத்திலிருந்து ஒரு சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். சீட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வாயை அசைப்பேனா என்று.

அவளுக்கு வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர். பெயரும் பொய்யில்லை. இவ்வளவு நீளப் பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்ய மூளை வேண்டும்தானே.

8 ஜூன், அதே நாள், கொஞ்சம் கழித்து

"மனப்பாடமா, வாசிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன பரீட்சை" என்று கேட்டவருக்கு. பெரிய பரீட்சை எதுவும் வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-இலிருந்து நடத்தும் அசர் (ASER) கணக்கெடுப்பில் ஒரு தாள் உண்டு. அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் படி. சில நிமிட வேலை.

2024 கணக்கில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 27.1 சதவீதம். 2022-இல் 20.5. 2018-இல் 27.3. கொரோனாவில் விழுந்து, எழுந்து, பழைய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். பழைய இடம் ஒன்றும் பெருமைப்படும் இடமில்லை.

9 ஜூன்

மேலே கொடுத்த எண்ணை எடுத்துப்போய் "பெங்களூருவில் 27 சதவீதம்" என்று வேறொரு குழுவில் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அசர் கிராமப்புறக் கணக்கெடுப்பு. ஈஜிபுராவும் சிவாஜிநகரும் ஸ்ரீராமபுரமும் அதில் வராது. உங்கள் கிளஸ்டரின் நிலை தெரிய வேண்டுமானால் உங்கள் கிளஸ்டரில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் கேட்க வேண்டும். திட்டத்தின் முதல் மாதச் செலவு அதுவாக இருக்கட்டும்.

14 ஜூன்

"ஆதாரம் இருக்கிறதா, இல்லை உங்கள் அனுபவம் மட்டுமா" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. பின்தங்கிய பிள்ளைகளை வாசிக்கவைப்பது எப்படி என்ற இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டில் ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது.

தொடக்கம் மும்பை. பிரதம் பிறந்ததே அங்கேதான், 1995-இல், யுனிசெஃபும் மும்பை மாநகராட்சியும் கூட நின்று. அவர்கள் நடத்தியது பால்சகி திட்டம். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளில் பதினைந்து இருபது பேரை, பள்ளி நேரத்திலேயே சுமார் இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து வெளியே அழைத்துப்போய், அதே பகுதியில் பள்ளிப் படிப்பு முடித்த ஓர் இளம்பெண் அடிப்படையைச் சொல்லித்தருவார். மாதம் 500 முதல் 750 ரூபாய் கையில். பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் இதை அளந்தது. முதல் வருடம் 0.14 திட்ட விலக்கம் ஏற்றம், இரண்டாவது வருடம் 0.28. புள்ளியியல் தெரியாதவர்களுக்கு: திட்ட விலக்கம் என்பது பிள்ளைகளின் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. கல்வி ஆய்வுகளில் இது சின்ன எண் இல்லை, அதுவும் இந்தச் சம்பளத்துக்கு.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இன்னொரு முடிவைப் பற்றி. பின்தங்கியவர்கள் வெளியே போனதால் வகுப்பில் கூட்டம் குறைந்தது இல்லையா? மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. வெளியே போய் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தவர்கள்தான் முன்னேறினார்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

14 ஜூன், இரவு

ஒன்று விட்டுப்போனது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்து, 0.1 அளவுக்கு வந்துவிட்டது. நல்லதை மட்டும் சொல்லி உங்கள் மேனேஜரை ஏமாற்ற வேண்டாம்.

15 ஜூன்

பீகார், உத்தராகண்ட் கதை தெரிந்தால்தான் அலமாரி மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியும். 2008-க்குப் பிறகு பிரதம் இதையே அரசு ஆசிரியர்கள் மூலம் செய்து பார்த்தது. பயிற்சி கொடுத்தார்கள், அட்டைகளும் புத்தகங்களும் கொடுத்தார்கள். பீகாரில் ஜூன் மாதக் கோடை முகாமில் அதே அரசு ஆசிரியர்கள் நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். பள்ளி திறந்ததும், வெறும் பயிற்சியும் பொருளும் கொடுத்த இடங்களில் ஒன்றும் அசையவில்லை. தொண்டர்கள் கூட இருந்த இடத்தில் அசைந்தது. உத்தராகண்டில் எதுவுமே அசையவில்லை.

ஆசிரியர் அவரேதான், அட்டையும் அதேதான். கோடையில் அவருக்கு முடிக்க வேண்டிய பாடப் பகுதி இல்லை. பள்ளி திறந்ததும் வந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை முடிக்க வேண்டும், எழுத்தே தெரியாத பிள்ளைகள் கடைசி வரிசையில் இருந்தாலும் முடிக்க வேண்டும்.

பிறகு 2012-13-இல் ஹரியானாவில் அரசே தினமும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கியது. அந்த நேரத்தில் வகுப்பு கிடையாது, படி மட்டும்தான். நான்காம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் எழுத்துப் படியில் இருந்தால் ஒரே வட்டத்தில் உட்காரும். வட்டாரக் கண்காணிப்பாளர்களும் முதலில் தாங்களே சொல்லித்தந்து பழகிவிட்டு அப்புறம் பள்ளிகளைப் பார்க்கப் போனார்கள். இந்தியில் 0.15 ஏற்றம். அடுத்த வருடம் உத்தரப் பிரதேசத்தில் பிரதம் ஊழியர்களே பள்ளிக்குள் வந்து சிறு சிறு முகாம்களாக நடத்தியதில் 0.6-க்கும் மேல்.

முதல் நாள் நான் கேட்கச் சொன்ன அந்த வரியின் பின்னணி இதுதான்.

16 ஜூன்

"வெறும் சுவர் ஓவியத்தால் என்ன கெடுதல்" என்கிறார் ஒருவர். கெடுதல் ஒன்றுமில்லை. நான் போகும் பள்ளியில் ஒரே சுவரில் மூன்று கம்பெனிகள் அடுத்தடுத்த வருடங்களில் ஆப்பிள் வரைந்திருக்கின்றன. பழைய ஆப்பிள் மழையில் உரிந்து புது ஆப்பிளுக்குள்ளே எட்டிப்பார்க்கிறது. ஒரே நிற டி-ஷர்ட்டில் வந்து, குழுப்படம் எடுத்து, பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பிடித்திருந்தது.

21 ஜூன்

பணம் வரும் மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டியவர்கள் மார்ச் 31-ஐப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். அதனால் ஜனவரி, பிப்ரவரியில்தான் பள்ளிக்கு வண்டி வந்து நிற்கும். கர்நாடகத்தில் பள்ளி தொடங்குவது ஜூனில். பிப்ரவரியில் ஆசிரியர்கள் தேர்வு வேலையில் மூழ்கியிருப்பார்கள். வாசிப்பு முகாமுக்கு நல்ல காலம் ஜூலையிலிருந்து நவம்பர்.

உங்கள் கணக்குப் பிரிவு மறுத்தால் இதைச் சொல்லுங்கள்: பல வருடத் திட்டம் என்று காட்டிய தொகை மீந்தால், நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளில் செலவழிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மார்ச்சில் டேப்லெட் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

28 ஜூன்

தமிழ்ப் பிள்ளைகள் கன்னடத்தில் ஏன் வாசிக்க வேண்டும், தமிழில் சொல்லிக் கொடுங்கள் என்று நீளமாக ஒரு பதிவு வந்திருக்கிறது. மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யச் சொல்கிறது. ஆனால் நடப்பு என்ன? தமிழ் வழிப் பள்ளிகளில் சேர்க்கை கரைந்துகொண்டே போகிறது, அக்கம்பக்கத்து அம்மாக்களோ ஆங்கில வழிப் பிரிவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். "அக்கா, தமிழ் வீட்லயே வருமே" என்பார்கள். பேச வரும். வாசிக்க யார் சொல்லித்தருவது?

கன்னடத்தின் சிக்கல் வேறு. எங்கள் பிள்ளைகளுக்குத் தெருக் கன்னடம் நன்றாகவே வருகிறது. கடைக்குப் போய்ப் பேரம் பேசுவார்கள். எழுத்துதான் மிரட்டுகிறது. சொனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்து 2007-இல் வெளிவந்த ஆய்வின்படி, கன்னடத்தில் எழுத்துகளை முழுக்கப் பிடிப்பதே முதல் வகுப்போடு முடிவதில்லை, நான்காம் வகுப்புவரை நீள்கிறது. உயிர்க்குறிகள், எழுத்துக்குக் கீழே தொங்கும் ஒத்தெழுத்துகள் என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால். நம் பிள்ளைக்கு க ஒன்று, அங்கே நான்கு. ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்துக்கொண்டு "ஒரு வருடத்தில் முடித்துவிடலாம்" என்று வெளிநாட்டுத் திட்டத்தைப் பார்த்து இலக்கு வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

29 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்தால் ஆங்கில வழியே மேல் என்று சொன்ன மாதிரி இருக்கிறது. இல்லவே இல்லை. எங்கள் தெருவில் ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் வரிவரியாக உச்சரிக்கிறான். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. கன்னடத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளையாவது வாசித்த பிறகு சிரிக்கிறது, கதையில் நாய் தோசையைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று அதற்குப் புரிந்துவிட்டது.

என் இப்போதைய வழக்கம்: கதையை முதலில் தமிழில் பேசுவோம். அப்புறம் அதே கதையைக் கன்னடத்தில் வாசிப்போம். இது சரியான முறையா என்று மொழியியல் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்கு நேரம் மிச்சமாகிறது.

5 ஜூலை

இன்றோடு மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் தொடங்கி நான்கு வருடம். 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பு முடிக்கும் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்பது இலக்கு. அதன் வழிகாட்டுதலில் மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல் என்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஒருவர் செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் துரத்தினார். பாவம், மூச்சு வாங்குகிறது.

சொல் என்றால் எந்தச் சொல்? "பல்" என்பதும் ஒரு சொல், "போய்க்கொண்டிருந்தார்கள்" என்பதும் ஒரு சொல். தமிழும் கன்னடமும் ஒட்டிக்கொண்டே போகும் மொழிகள். 2022-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில் 20 மொழிகளுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்ததற்குக் காரணமே இதுதான். உங்கள் தொண்டு நிறுவனம் எல்லா மாநிலத்துக்கும் ஒரே வேகத்தை வைத்து அறிக்கை கொடுத்தால் திருப்பிக் கேளுங்கள்.

12 ஜூலை

சென்னைக்காரர்கள் வந்துவிட்டார்கள். "எங்கள் ஊரில் இதெல்லாம் எப்போதோ செய்துவிட்டோம்." சரி, செய்தீர்கள், யார் இல்லை என்றார்கள்? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அப்புறம் மாநிலம் முழுக்கப் போனது. இப்போது எண்ணும் எழுத்தும், 2022-இலிருந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. ஆனால் கர்நாடகமும் தூங்கவில்லை. மைசூரு மாவட்டம் ஹெச்.டி. கோட்டையில் 1995-இலேயே நலி-கலி. ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து, அட்டை எடுத்து, ஏணிப்படம் பார்த்துத் தன் போக்கில் ஏறுவது. இரண்டு மாநிலமும் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்ட இடம் ஒன்றுதான், ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலி பள்ளி.

நலி-கலி அறையில் எனக்குப் பிடித்தது சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்திருக்கும் கரும்பலகை. ஆளுக்கொரு கட்டம். முட்டி போட்டு எழுதுவார்கள், தவறினால் பாவாடையாலேயே அழிப்பார்கள். சுண்ணாம்புப் பொடி மதியச் சாப்பாட்டுத் தட்டுவரை வரும்.

13 ஜூலை

இல்லம் தேடிக் கல்வியைப் பற்றிக் கேட்டவருக்கு. தமிழ்நாட்டு அரசின் திட்டம் அது, 2021 அக்டோபரில் மரக்காணத்தில் தொடங்கியது. உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் வகுப்பு, மாதம் 1000 ரூபாய். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், கொரோனாவில் இழந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த சில மாதங்களிலேயே பிள்ளைகள் மீட்டிருந்தார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்வாசி இந்த மாலை வகுப்புகளால் வந்தது. இருந்தும் நான் பள்ளி நேரம் பள்ளி நேரம் என்று பிடிவாதம் பிடிப்பது ஏன் என்று கேட்கலாம்.

உத்தரப் பிரதேசம் ஜான்பூரில் இதே மாதிரி பள்ளிக்கு வெளியே தொண்டர்கள் வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். வந்தது பத்தில் ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் வந்தார்கள் என்றால் அரசின் முழு பலமும் பின்னால் இருந்தது, பள்ளி ஆசிரியரே பிள்ளையை அனுப்பினார். பெங்களூருவில் அந்த ஏற்பாடு இல்லாமல் ஒரு கம்பெனி மாலை வகுப்பு தொடங்கினால் ஜான்பூர் ஆகத்தான் வாய்ப்பு அதிகம். என் டியூஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள், அனுப்பக்கூடிய அம்மா உள்ள பிள்ளைகள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பெண் வருவதில்லை. அவள் பள்ளிக்கு மட்டும் வருகிறாள், சாப்பாட்டுக்காகவாவது.

2 ஆகஸ்ட்

வட்டாரக் கூட்டு என்கிறார்களே, வட்டாரம் எங்கே முடிகிறது? நான் நிறையப் புலம்பியிருக்கிறேன், இதை இங்கே எழுதியதில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைக் குடும்பங்கள். அப்பாவுக்கு வேலை நின்றாலோ, வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கூட்டினாலோ, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்புவதில்லை. இரண்டாம் வகுப்புவரை கன்னட எழுத்தோடு மல்லுக்கட்டி, சொல் படிக்கு வந்த பிள்ளை, ஊரில் மூன்றாம் வகுப்பில் தமிழில் அ, ஆ-விலிருந்து தொடங்குகிறது. ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் கன்னடம் பாதி மறந்திருக்கும். மாணவர் பதிவு எண் இங்கே எஸ்.ஏ.டி.எஸ்., அங்கே இ.எம்.ஐ.எஸ். இந்தப் பிள்ளை எந்தப் படியில் இருந்தது என்று ஒரு பக்கத்து ஆசிரியர் மறுபக்கத்து ஆசிரியருக்குச் சொல்ல வழியே இல்லை. ஓசூருக்கும் எங்களுக்கும் ஒரு மணி நேரப் பேருந்து.

மூன்று பேர் கையெழுத்துப் போடும் உங்கள் ஒப்பந்தத்தில் நான்காவதாக ஓசூர்ப் பக்கத்து வட்டாரக் கல்வி அலுவலகத்தையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். நடக்காது என்று எனக்கும் தெரியும். அதுவரை நான் செய்வது: ஊருக்குப் போகிற பிள்ளையின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு. "கன்னடத்தில் சிறு சொற்கள் வாசிப்பாள். தமிழ் எழுத்து இன்னும் தெரியாது. கூட்டல் நன்றாக வரும். கடைசி வரிசையில் உட்காரவைக்க வேண்டாம்."

3 ஆகஸ்ட்

டி.சி. இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று ஊரில் திருப்பி அனுப்பிவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். கல்வி உரிமைச் சட்டம், 5-ஆவது பிரிவு. டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்புவரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். வாக்குவாதம் செய்ய வேண்டாம், தாளை மேசைமேல் வைத்துவிட்டு உட்காருங்கள்.

9 அக்டோபர்

இரண்டு மாதமாக எழுதவில்லை. ஜூலையில் எங்கள் பள்ளியில் காலை இரண்டாவது பீரியடை வாசிப்புக்கு என்று ஹெச்.எம். ஒதுக்கிக் கொடுத்தார். சி.ஆர்.பி. என்று இங்கே சொல்லும் கிளஸ்டர் அலுவலரும் வந்து ஒரு வட்டத்தில் உட்கார்ந்து நடத்திப் பார்த்தார். அது நடந்த வாரங்களில் பிள்ளைகள் ஏறினார்கள், கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் தசரா. தசராவோடு சமூக, கல்விக் கணக்கெடுப்பு. ஆசிரியர்கள் வீடுவீடாகப் போயிருக்கிறார்கள், விடுமுறையை 18-ஆம் தேதிவரை நீட்டியிருக்கிறார்கள். கணக்கெடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்தல் என்றாலும் ஆசிரியர், சர்வே என்றாலும் ஆசிரியர், முட்டைக் கணக்கு, பால்பொடிக் கணக்கு என்றாலும் ஆசிரியர். முதலில் போவது வாசிப்பு மணி நேரம்தான், ஏனென்றால் அதற்குப் பரீட்சை கிடையாது, கேட்க ஆள் கிடையாது.

அதனால் ஜூனில் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மணி நேரம் மட்டும் போதாது, அது பறிபோகும்போது கேட்க ஓர் ஆள் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவான எஸ்.டி.எம்.சி.யில் அம்மாக்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கையெழுத்து வாங்கக் கூப்பிடுவார்கள். அந்த அசர் தாளை அவர்களிடமே கொடுத்து, மாதம் ஒரு தடவை தங்கள் பிள்ளையைத் தாங்களே கேட்டுப் பார்க்கச் செய்தோம். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குக்கூடப் பிள்ளை திக்குகிறதா, ஓடுகிறதா என்று காதிலேயே தெரிந்துவிடுகிறது. ஓர் அம்மா ஹெச்.எம். அறைக்கே போய் "ரெண்டாவது பீரியட் ஏன் நடக்கல மேடம்" என்று கேட்டார். அடுத்த நாள் நடந்தது. கம்பெனியும் வரவில்லை, கல்வித் துறையும் வரவில்லை.

10 அக்டோபர்

"அப்படியென்றால் கம்பெனிப் பணமே தேவையில்லையா?" தேவை. உள்ளூர்ப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், கௌரவமான சம்பளமாக. சந்தோஷமாகச் செய்வார்கள் என்று சொல்லி ஆயிரம் ரூபாயில் முடிக்காதீர்கள். அறிக்கையில் இந்தச் செலவு "நிர்வாகம்" என்ற தலைப்பில் போய் உட்கார்ந்து அசிங்கமாகத் தெரியும், டேப்லெட் "சொத்து" என்று அழகாகத் தெரியும். உங்கள் குழுவில் நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.

1 நவம்பர்

கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவ விடுமுறை. சாவகாசமாகப் பழைய கேள்விகளைப் பார்த்தேன், ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன்: தமிழ், கன்னடம் இரண்டிலும் ஒரே கதை எங்கே கிடைக்கும்?

பெங்களூரு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம். இலவசம், திறந்த உரிமம், அச்சிட்டுக்கொள்ளலாம். நிறையக் கதைகள் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. முதல் நிலைக் கதைகளை மட்டும் எடுங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும். முன்பே நீங்கள் வாசித்துப் பார்த்துவிடுங்கள், சில மொழிபெயர்ப்புகள் வாயில் நுழையாது. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையே போதும், படத்துக்குப் பிள்ளைகளே வண்ணம் அடிப்பார்கள். எழுத்து சின்னதாக வந்தால் ஏ4 தாளில் பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி என்று பிரித்துவிடுங்கள். ஸ்டேப்ளர் முள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், மேலே செல்லோடேப் ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.